'மூடு' என்றால் மூட வேண்டும்!



நம் ஆண்டு மலரில் கவிதையும் துணுக்கும் எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். எனக்குக் கவிதை வராது. தொழிற்பயிற்சியில் பார்த்துக் கற்றுக்கொண்ட ஒரு விஷயத்தை, நம் பாடப் புத்தகத்தில் அரைப் பக்கத்தில் முடிந்துவிடுகிற ஒரு விஷயத்தை, கொஞ்சம் விரிவாக எழுதலாம் என்று நினைக்கிறேன். ஆபத்து நேரத்தில் குழாயை அடைக்கும் வால்வையும், அதைச் சுழற்றும் மின் ஆக்சுவேட்டரையும் பற்றிய கட்டுரை இது. அந்த ஆக்சுவேட்டரை எந்த அளவில் தேர்ந்தெடுப்பது, அதில் எதை எப்படி செட்டிங் செய்வது என்று பார்ப்போம்.

நான் மாத்தூர்க்காரி. எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்றால் மணலி சுத்திகரிப்பு ஆலையின் ஃபிளேர் எரிவது தெரியும். 1969-இல் உற்பத்தி தொடங்கிய ஆலை அது. அதைச் சுற்றி உரத் தொழிற்சாலை, பெட்ரோ கெமிக்கல் தொழிற்சாலைகள், இந்தப் பக்கம் கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டையில் எண்ணெய்க் கிடங்குகள், அந்தப் பக்கம் எண்ணூர். எங்கள் அப்பா இந்தப் பகுதி ஆலைகளில் கான்ட்ராக்டில் ஃபிட்டருக்கு உதவியாளராக இருபது வருடத்துக்கு மேல் வேலை செய்கிறார். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். அப்பா கையால் சுற்றிய வால்வுக்கும் நான் படிக்கும் பாடத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்டால், அதற்கு இந்தக் கட்டுரைதான் பதில்.

வால்வுக்கு ஏன் மோட்டார்?

வீட்டுக் குழாயைத் திருகி மூடுவது போலத்தான் ஆலையிலும். ஆனால் பத்து அங்குல, பன்னிரண்டு அங்குல கேட் வால்வைக் கையால் மூட நூறு சுற்றுக்கு மேல்கூட ஆகும். காரணம், நடுவில் கியர் பாக்ஸ் இருக்கும். "ரெண்டு பேரு மாத்தி மாத்தி சுத்துனாலும் கை கழண்டு போயிடும்" என்பார் அப்பா. சாதாரண நாளில் அது வெறும் உடல் உழைப்பு. கசிவு ஏற்பட்ட நாளில் அந்த வால்வுக்குப் பக்கத்திலேயே மனிதன் போக முடியாது. எனவே தூரத்திலிருந்து பொத்தானை அழுத்தி மூட வேண்டும். அந்த வேலையைச் செய்வதுதான் ஆக்சுவேட்டர்.

மின் ஆக்சுவேட்டருக்குள் இருப்பவை நாம் எல்லோரும் படித்தவைதான்: ஒரு மூன்று ஃபேஸ் மோட்டார், ஒரு வோர்ம் கியர், வால்வு ஸ்பிண்டிலைச் சுழற்றும் ஒரு நட், எவ்வளவு தூரம் வந்தது என்று பார்க்கும் லிமிட் சுவிட்ச், எவ்வளவு பலம் போகிறது என்று பார்க்கும் டார்க் சுவிட்ச், மின்சாரம் இல்லாதபோது சுற்ற ஒரு கைச்சக்கரம். வெளியே தீப்பொறி வராதபடி கனமான உறை. இதில் புதிதாக எதுவும் இல்லை. ஆனால் "சாதாரண வால்வு" என்பதும் "பாதுகாப்பு வால்வு" என்பதும் ஒரே கணக்கு அல்ல. சாதாரண வால்வு ஒரு நாள் மூடாவிட்டால் உற்பத்தி நிற்கும். பாதுகாப்பு வால்வு ஆண்டுக்கணக்கில் சும்மா நிற்கும். கூப்பிடும் அந்த ஒரு நாளில் மூடியே ஆக வேண்டும்.

ஜெய்ப்பூர் சொல்லும் பாடம்

இதற்கு நம் நாட்டிலேயே ஒரு சோகமான எடுத்துக்காட்டு உண்டு. ராஜஸ்தான் மாநிலம் ஜெய்ப்பூருக்கு அருகே சீதாபுராவில் இந்தியன் ஆயில் நிறுவனத்தின் கிடங்கு. 2009 அக்டோபர் 29 மாலை, பக்கத்திலுள்ள பாரத் பெட்ரோலியம் கிடங்குக்குக் குழாய் வழியே பெட்ரோல் அனுப்பத் தொட்டியின் குழாயைத் தயார் செய்துகொண்டிருந்தார்கள். அந்தக் குழாயில் தொட்டியை ஒட்டி ஒரு மோட்டார் வால்வு, அதையடுத்து 'ஹேமர் பிளைண்டு' என்னும் அடைப்புத் தகடு, அதற்கடுத்து ஒரு கை வால்வு. தகட்டைத் திருப்பிப் போடும்போது அந்த இடத்தில் குழாயின் வாய் வெளிக்காற்றுக்குத் திறந்திருக்கும். அந்த நேரத்தில் மோட்டார் வால்வும் திறந்த நிலையில் இருந்தது. பெட்ரோல் நீரூற்றாகப் பீறிட்டது.

வேலையில் இருந்தவர்கள் ஆவியில் மயங்கினார்கள். வால்வுக்குப் பக்கத்தில் யாரும் போக முடியவில்லை. கட்டுப்பாட்டு அறையிலிருந்து அந்த வால்வை மூடும் வசதி வேலை செய்யும் நிலையில் இல்லை. சுமார் 75 நிமிடங்களில் ஏறத்தாழ 1000 டன் பெட்ரோல் வெளியேறி, ஆவி மேகமாகப் பரவி வெடித்தது. 11 பேர் இறந்தனர். தொட்டிகள் நாள்கணக்கில் எரிந்தன.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 1000 டன்னை 75-ஆல் வகுத்தால் நிமிடத்துக்கு 13 டன்னுக்கு மேல். 12 கிலோ லிட்டர் டேங்கர் லாரி ஒன்றில் இருக்கும் பெட்ரோல் சுமார் 9 டன். அதாவது நிமிடத்துக்கு ஒரு முழு லாரிக்கும் மேலாகக் கொட்டியிருக்கிறது! ஒரு நிமிடத்தில் மூடும் வால்வு ஒன்று கட்டளைக்குக் கீழ்ப்படிந்திருந்தால், ஒன்றிரண்டு லாரி அளவோடு முடிந்திருக்கும்.

விபத்தை ஆராய்ந்த எம்.பி. லால் குழு பல பரிந்துரைகளைத் தந்தது. அவற்றில் நமக்கு முக்கியமானவை மூன்று. ஹேமர் பிளைண்டு போன்ற, வாய் திறக்கும் அமைப்பைக் கைவிட வேண்டும். தொட்டியை ஒட்டிய முதல் வால்வு தூரத்திலிருந்து மூடக்கூடியதாக, தீயைத் தாங்குவதாக, கோளாறு வந்தால் பாதுகாப்பான பக்கம் போவதாக இருக்க வேண்டும். அதை மூடுவது தூரத்திலிருந்து முடிய வேண்டும். திறப்பது மட்டும் வால்வு இருக்கும் இடத்தில்தான். இந்த வால்வைத் தொழிலில் 'ரோசோவ்' என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள். எண்ணெய்க் கிடங்கில் வேலைக்குப் போகும் நண்பர்கள் முதல் நாளிலேயே இந்தப் பெயரைக் கேட்பீர்கள்.

எவ்வளவு பலம் வேண்டும்?

இப்போது கணக்குக்கு வருவோம். 200 மி.மீ. துளையுள்ள ஒரு கேட் வால்வு. மூடும்போது ஒரு பக்கம் 10 பார் அழுத்தம், மறு பக்கம் ஒன்றுமில்லை என்று வைத்துக்கொள்வோம். பாதுகாப்பு வால்வுக்கு எப்போதும் இப்படி மோசமான நிலையைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். "வழக்கமாக 3 பார்தான் இருக்கும் சார்" என்பது இங்கே செல்லாது. குழாய் உடைந்த நாளில் வழக்கம் இருக்காது.

தட்டின் பரப்பு 0.0314 சதுர மீட்டர். 10 பார் என்பது சதுர மீட்டருக்கு 10 லட்சம் நியூட்டன். ஆகவே தட்டை அழுத்தும் விசை 31,400 நியூட்டன். தட்டு அந்த அழுத்தத்தோடு சீட்டின் மேல் உராய்ந்துகொண்டே இறங்க வேண்டும். உராய்வுக் கெழு 0.4 என்றால் 12,560 நியூட்டன். ஸ்பிண்டிலை வெளியே தள்ளும் அழுத்தம் (36 மி.மீ. ஸ்பிண்டில்) சுமார் 1,020. கிளாண்ட் பேக்கிங்கின் பிடி ஏறக்குறைய 5,000. மொத்தம் சுமார் 18,580 நியூட்டன். தட்டை சீட்டில் இறுக்கி அமர்த்தும் விசை இதற்கு மேல். அதை வால்வு தயாரிப்பாளர் தருவார்.

இந்த நேர்விசையை முறுக்கு விசையாக, அதாவது டார்க்காக மாற்றுவது ஸ்பிண்டில் மரை. 6 மி.மீ. பிட்ச் உள்ள டிரபிசாய்டல் மரை, நன்றாக கிரீஸ் போட்டது, உராய்வுக் கெழு 0.15 என்றால், ஒரு நியூட்டனுக்கு 3.55 மில்லி நியூட்டன் மீட்டர் வேண்டும். பெருக்கினால் 66 நியூட்டன் மீட்டர்.

அதே மரையில் கிரீஸ் காய்ந்து, கடற்காற்றில் உப்பும் தூசியும் படிந்து, கெழு 0.20 ஆகிவிட்டால்? 82 நியூட்டன் மீட்டர். வால்வும் அழுத்தமும் அதேதான். கிரீஸ் மட்டும் காய்ந்தது. அதற்கே தேவை 25 சதவீதம் ஏறிவிட்டது. எண்ணூர், திருவொற்றியூர் பக்கம் இரும்புக் கதவு இரண்டே வருடத்தில் என்ன ஆகிறது என்று நமக்குத் தெரியும். ஸ்பிண்டிலும் இரும்புதான். எனவே கிரீஸ் கன் பிடிக்கிற ஹெல்ப்பரின் வேலை பொறியாளரின் கணக்கில் ஒரு வரி என்பதை மறக்கக் கூடாது.

வோல்டேஜ் குறைந்தால்?

இங்கேதான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். இண்டக்ஷன் மோட்டாரின் டார்க், வோல்டேஜின் வர்க்கத்துக்கு நேர் விகிதம். எலக்ட்ரிக்கல் மெஷின்ஸ் பாடத்தில் தேர்வுக்காக மனப்பாடம் செய்தோமே, அதுதான். வோல்டேஜ் 90 சதவீதம் ஆனால் டார்க் 81 சதவீதம். 80 சதவீதம் ஆனால் 64 சதவீதம்தான்.

மேலே கண்ட வால்வுக்கு ஒருவர் "66 தானே வேணும், 100 நியூட்டன் மீட்டர் ஆக்சுவேட்டர் தாராளம்" என்று வாங்கிப் போட்டுவிட்டார் என்று வையுங்கள். தொட்டிப் பண்ணையில் கேபிள் நீளம் நூற்றுக்கணக்கான மீட்டர். மோட்டார் கிளம்பும்போது ஐந்தாறு மடங்கு கரண்ட் இழுக்கும். அதே நேரத்தில் தீயணைப்புப் பம்பும் ஸ்டார்ட் ஆகிறது. வோல்டேஜ் 80 சதவீதத்துக்கு விழுகிறது. அப்போது அந்த ஆக்சுவேட்டர் தருவது வெறும் 64. தேவை 66. வால்வு பாதியில் நின்றுவிடும்! தினசரி சோதனையில் ஒழுங்காக மூடிய அதே வால்வு, தேவைப்பட்ட அன்று மூடாது.

சரியான கணக்கு என்ன? நல்ல கிரீஸுக்கே 66-ஐ 0.64-ஆல் வகுத்தால் 103. காய்ந்த கிரீஸுக்கு 82-ஐ வகுத்தால் 128. இவற்றுக்கு மேல் தேய்மானத்துக்கும் அமர்வு விசைக்கும் கொஞ்சம் சேர்த்து 150 நியூட்டன் மீட்டர் அளவில் எடுப்பதே பாதுகாப்பு. பாதுகாப்புக் கெழு என்று புத்தகத்தில் கண்ணை மூடிக்கொண்டு 1.5 போடுகிறோமே, அந்த ஒன்றரைக்குள் என்னென்ன இருக்கிறது என்று இப்போது தெரிகிறதல்லவா?

அதிக பலமும் ஆபத்தே

"அப்படியென்றால் 300 போட்டுவிட்டால் போச்சு" என்று நினைக்க வேண்டாம். ஆக்சுவேட்டருக்கு வால்வின் மேல் இரக்கம் கிடையாது. ஸ்பிண்டில் வளையும், யோக் விரிசல் விடும், தட்டு சீட்டுக்குள் ஆப்பு போல இறுகி, அப்புறம் திறக்கவே வராது. வோல்டேஜ் 110 சதவீதமாக இருந்தால் டார்க் 121 சதவீதம் ஆகும்; 150 ஆக்சுவேட்டர் 181 வரை தரும். டார்க் சுவிட்ச் பழுதானாலும் அந்த 181-ஐ வால்வு தாங்குமா என்று வால்வு கம்பெனியின் தாளைப் பார்க்க வேண்டும். தேவைக்கு மேலே, தாங்கும் அளவுக்குக் கீழே: இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியில்தான் டார்க் சுவிட்சை செட் செய்கிறோம். அந்த இடைவெளி மிகவும் குறுகியிருந்தால் வால்வையோ ஆக்சுவேட்டரையோ மாற்ற வேண்டுமே தவிர, செட்டிங்கை அட்ஜஸ்ட் செய்து சமாளிக்கக் கூடாது.

எங்கே டார்க், எங்கே லிமிட்? ஆப்பு வடிவ கேட் வால்வை மூடும்போது டார்க் சுவிட்ச் நிறுத்த வேண்டும், இறுகினால்தான் அடைப்பு. திறக்கும்போது லிமிட் சுவிட்ச் நிறுத்த வேண்டும். மேலே முட்டும்வரை போகவிடக் கூடாது. பால் வால்வு, பட்டர்ஃபிளை வால்வு பலவற்றில் இரு பக்கமும் லிமிட். "முழுசா திறந்தப்புறம் அரை சுத்து திருப்பி வுட்டுடணும், இல்லன்னா புடிச்சுக்கும்" என்று அப்பா சொல்வார். அப்பாவுக்கு லிமிட் சுவிட்ச் என்ற பெயர் தெரியாது. ஆனால் லிமிட் சுவிட்ச் செய்கிற வேலையை அவர் கை இருபது வருடமாகச் செய்துவருகிறது.

இன்னொரு நுட்பம். இறுகிய கேட்டை சீட்டிலிருந்து பிடுங்க, நடு ஓட்டத்தைவிட அதிக டார்க் வேண்டும். அந்த முதல் இழுப்பிலேயே டார்க் சுவிட்ச் "அதிக பலம்" என்று மோட்டாரை நிறுத்திவிட்டால் வால்வு திறக்காது. ஆகவே திறப்பின் ஆரம்பப் பகுதியில் மட்டும் டார்க் சுவிட்சை பைபாஸ் செய்வார்கள். அந்தப் பகுதி எவ்வளவு நீளம் என்பதும் ஒரு செட்டிங்.

இந்தச் சின்ன செட்டிங் எவ்வளவு பெரிது என்பதை அமெரிக்காவின் டேவிஸ்-பெஸ்ஸி அணுமின் நிலையம் காட்டியது. 1985 ஜூன் 9 அன்று அங்கே முதன்மைத் தண்ணீர்ப் பம்புகள் நின்றன. ஒரு பொத்தான் தவறுதலால் துணைத் தண்ணீர்க் குழாயின் வால்வுகளும் மூடிக்கொண்டன. மறுபடி திறக்கச் சொன்னபோது, ஒன்றல்ல, இரண்டு வால்வுகளும் திறக்கவில்லை! பைபாஸ் செட்டிங் போதாததால், முழு அழுத்தத்தில் கேட் சீட்டை விட்டு வருமுன்பே டார்க் சுவிட்ச் மோட்டாரை நிறுத்திவிட்டது. ஊழியர்கள் ஓடிப்போய்க் கையால் திறந்து ஆபத்தைத் தவிர்த்தார்கள். ஒன்றுக்கு ஒன்று மாற்று என்று வைத்த இரண்டு வால்வும் ஒரே தவறான செட்டிங்கால் ஒரே நாளில் கைவிட்டன. அதன் பிறகு அந்நாட்டு அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம், எல்லா அணுமின் நிலையங்களும் தங்கள் மோட்டார் வால்வுகளின் அளவையும் செட்டிங்கையும் மறு ஆய்வு செய்ய உத்தரவிட்டது. 1989-இல் வந்த உத்தரவு இதில் பெரியது.

எவ்வளவு வேகம்?

நம் வால்வின் தட்டு 200 மி.மீ. இறங்க வேண்டும். மரை ஒரு சுற்றுக்கு 6 மி.மீ. ஆகவே சுமார் 35 சுற்று. ஆக்சுவேட்டர் நிமிடத்துக்கு 24 சுற்று என்றால் 87 விநாடி. 36 சுற்று என்றால் 58 விநாடி. ஒரு நிமிடத்துக்குள் மூட வேண்டும் என்று விதித்திருந்தால் இரண்டாவதுதான் சரி.

ஆனால் மிக வேகமாக மூடினால் குழாயில் ஓடிவரும் திரவம் சுவரில் மோதியது போல் மோதும். இதுதான் வாட்டர் ஹேமர். விநாடிக்கு 2 மீட்டர் ஓடும் பெட்ரோலைச் சட்டென்று நிறுத்தினால் ஏறக்குறைய 15 பார் அழுத்தம் கூடுதலாக எழும். 'சட்டென்று' என்றால் எவ்வளவு? அழுத்த அலை குழாயின் மறுமுனைக்குப் போய்த் திரும்பும் நேரத்துக்குள் மூடினால். அலை விநாடிக்கு சுமார் 1000 மீட்டர் போகும். 1 கிலோ மீட்டர் குழாய்க்கு 2 விநாடி. அங்கே 58 விநாடியால் கவலை இல்லை. 20 கிலோ மீட்டர் குழாய்க்கு 40 விநாடி. கேட் வால்வு கடைசிப் பகுதியில்தான் ஓட்டத்தை உண்மையில் தடுக்கும் என்பதால், நீண்ட குழாய்களுக்குத் தனியே கணக்கிட்டே வேகத்தை முடிவு செய்ய வேண்டும்.

கரண்ட் போனால்?

மின் ஆக்சுவேட்டரின் மிகப் பெரிய கேள்வி இதுதான். காற்றால் இயங்கும் ஸ்பிரிங் ஆக்சுவேட்டரில் காற்று போனால் ஸ்பிரிங் தானாக மூடிவிடும். மின் ஆக்சுவேட்டர் கரண்ட் போன இடத்திலேயே நிற்கும். பாதி திறந்திருந்தால் பாதிதான். எனவே 'கோளாறு என்றால் மூடிக்கொள்' என்று விதி இருக்கும் இடத்தில் சாதாரண மின் ஆக்சுவேட்டர் மட்டும் போதாது. ஸ்பிரிங்கை இறுக்கி வைத்துக்கொள்ளும் எலக்ட்ரோ ஹைட்ராலிக் வகை, பேட்டரி அல்லது மின்தேக்கி உள்ள வகை, காற்று வகை ஆகியவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 'நின்ற இடத்திலேயே நிற்கலாம்' என்று அனுமதி இருக்கும் இடத்தில், இரண்டு வழி மின்சாரம், தீயைத் தாங்கும் கேபிள், ஆக்சுவேட்டருக்குத் தீக்காப்பு உறை என்று ஏற்பாடு வேண்டும். தீயில் கேபிள் இரண்டு நிமிடத்தில் உருகுமானால், ஒரு நிமிடத்தில் மூடும் ஆக்சுவேட்டருக்குக்கூட அவகாசம் மிகக் குறைவு.

யார் சொன்னால் கேட்க வேண்டும்?

இனி கட்டளைகள். இப்போதைய ஆக்சுவேட்டர்களில் இவற்றை ஒரு சிறிய திரையில் பார்த்து, மூடியைத் திறக்காமலே செட் செய்யலாம். பொத்தானை அழுத்துவது எளிது. எதை அழுத்துகிறோம் என்று தெரிந்திருப்பதுதான் கடினம். முக்கியமான ஐந்தை மட்டும் சொல்கிறேன்.

ஒன்று: அவசர மூடல் சிக்னல் எல்லாவற்றுக்கும் மேலே இருக்க வேண்டும். செலக்டர் 'லோக்கல்' நிலையில் இருந்தாலும் அவசர மூடல் வந்தால் மூட வேண்டும். பராமரிப்புக்காக அதைத் தடுக்க வேண்டியிருந்தால் எழுத்து அனுமதி வேண்டும்.

இரண்டு: அந்த சிக்னல் வயர் அறுந்தாலே மூடும்படி வைப்பதா, மின்சாரம் வந்தால்தான் மூடும்படி வைப்பதா? முதலாவது பாதுகாப்பானது, ஆனால் காரணமில்லாமலும் அவ்வப்போது மூடும். இரண்டாவதற்கு, வயர் நலமா என்று விடாமல் கண்காணிக்கும் சுற்று அவசியம்.

மூன்று: மோட்டார் சூடேறினால் நிறுத்தும் தெர்மோஸ்டாட். அவசர மூடலின்போது அதைப் புறக்கணிக்கும்படி செட் செய்ய வசதி உண்டு. மோட்டார் எரிந்தாலும் பரவாயில்லை, வால்வு மூடட்டும் என்பது தத்துவம். ஆனால் அப்படிச் செய்தால் தீப்பற்றும் ஆவி உள்ள இடத்துக்கான சான்று செல்லாமல் போகலாம். ஆகவே இது ஃபீல்டில் நின்று நாமாக எடுக்கும் முடிவு அல்ல. வடிவமைப்பில் எழுதி வைக்க வேண்டிய முடிவு.

நான்கு: மூன்று ஃபேஸில் இரண்டு மாறிப்போனால் மோட்டார் எதிர்ப்பக்கம் சுழலும். ஃபேஸைத் தானே சரிசெய்யும் வசதி இல்லாத பழைய ஆக்சுவேட்டரில், மூடும் பக்கத்து சுவிட்ச் திறக்கும் ஓட்டத்தை நிறுத்தாது, வால்வு உடையும். அதனால்தான் முதன்முறை கரண்ட் கொடுக்கும் முன் கைச்சக்கரத்தால் வால்வைப் பாதியில் நிறுத்து என்கிறார்கள்.

ஐந்து: விளக்கு எதைக் காட்டுகிறது? 1979 மார்ச் 28 அன்று அமெரிக்காவின் த்ரீ மைல் தீவு அணு உலையில் ஒரு வால்வு திறந்தே சிக்கிக்கொண்டது. ஆனால் கட்டுப்பாட்டு அறை விளக்கு, மூடச் சொல்லி சிக்னல் போனதைத்தான் காட்டியது. வால்வு மூடியதைக் காட்டவில்லை. ஊழியர்கள் மூடிவிட்டது என்று நம்பினார்கள். உலையின் மையம் பாதி உருகியது. "சொல்லிட்டேன்" என்பது வேறு, "செஞ்சு முடிச்சாச்சு" என்பது வேறு. வால்வின் உண்மை நிலையிலிருந்து வரும் சிக்னல்தான் விளக்குக்குப் போக வேண்டும்.

சோதித்தால்தான் நம்பலாம்

ஐ.இ.சி. 61508 என்ற சர்வதேசத் தரம் பாதுகாப்பு அமைப்புகளுக்கு 'சில்' என்ற படிநிலைகளை வகுத்துள்ளது. 'சில் 2' என்றால், கூப்பிட்டபோது கைவிடும் வாய்ப்பு நூற்றில் ஒன்றுக்கும் குறைவாக, ஆயிரத்தில் ஒன்று வரை. சென்சார், லாஜிக், வால்வு, ஆக்சுவேட்டர் எல்லாம் சேர்ந்து இந்தக் கணக்குக்குள் வர வேண்டும்.

சோதனையின் அருமையை ஒரு சிறு கணக்கு சொல்லும். வெளியே தெரியாமல் முடக்கும் பழுது 50 ஆண்டுக்கு ஒரு முறை வருகிற வால்வு என்று வைப்போம். ஆண்டுக்கு ஒரு முறை முழுதாக மூடிச் சோதித்தால், பழுதோடு நிற்கும் காலம் சராசரியாக அரை ஆண்டு. அரையை 50-ஆல் வகுத்தால் நூற்றில் ஒன்று. ஐந்தாண்டுக்கு ஒரு முறைதான் சோதனை என்றால் இரண்டரையை 50-ஆல் வகுக்க வேண்டும்: இருபதில் ஒன்று! வால்வு அதேதான், விலையும் அதேதான். ஆலையை நிறுத்த முடியாவிட்டால், வால்வைப் பத்து சதவீதம் மட்டும் அசைத்துப் பார்க்கும் பகுதிச் சோதனை உண்டு. ஸ்பிண்டில் ஒட்டிக்கொண்டதா என்று அது காட்டும். முழுதாக அடைக்கிறதா என்று காட்டாது.

நமக்கும் இதற்கும் என்ன?

பயிற்சிக்காகப் போன ஓரிடத்தில் (பெயர் வேண்டாம்) அவசர மூடல் டெர்மினலில் ஒரு சின்ன வயர்த் துண்டு போட்டு சிக்னலையே மறைத்து வைத்திருந்தார்கள். கேட்டதற்கு, "அடிக்கடி டிரிப் ஆவுதும்மா, புரொடக்ஷன் நிக்குது, அதான் லூப் போட்டிருக்கோம்" என்றார் ஒரு அண்ணன். அவர் கெட்டவர் அல்ல. மூன்று ஷிப்டு பார்த்த களைப்பு அவர் முகத்தில் இருந்தது. டிரிப் ஆகும் காரணத்தைத் தேட ஆளும் நேரமும் கொடுக்கவில்லை. ஜெய்ப்பூரில் தூரத்து மூடல் வேலை செய்யாத நிலையில் இருந்ததும் ஒரே நாளில் வந்ததாக இருக்காது. "அப்புறம் பாத்துக்கலாம்" என்ற ஒவ்வொரு நாளும் சேர்ந்துதான் அந்த மாலை.

2023 டிசம்பர் 26 நள்ளிரவு நெருங்கும் நேரத்தில் எண்ணூர் பெரியகுப்பம் அருகே, கோரமண்டல் உரத் தொழிற்சாலைக்கான கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்ததை நாம் எல்லோரும் அறிவோம். பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்தது. அங்கே பழுதானது குழாய், வால்வு அல்ல. ஆனால் குழாய் எங்கே உடைந்தாலும், அதற்கு அப்புறம் எவ்வளவு வெளியேறும் என்பதை முடிவு செய்வது அடைப்பு வால்வும் அது மூட எடுக்கும் நேரமும்தான். ஆலை வேலிக்கு இந்தப் பக்கம் இருப்பது நம் வீடுகள்.

நண்பர்களே! ஆலைகளை வடிவமைப்பவர்கள் பெரிய படிப்புப் படித்தவர்களாக இருக்கலாம். ஆனால் ஏணியில் ஏறி, ஆக்சுவேட்டர் முன் நின்று, டார்க் செட்டிங்கை வைத்து, படிவத்தில் கையெழுத்துப் போடப்போவது பெரும்பாலும் நம்மைப் போன்ற டிப்ளமோக்காரர்கள்தான். அந்தக் கையெழுத்துக்கு முன் நான்கு கேள்வி கேட்போம். மோசமான அழுத்தத்தில் கணக்குப் போட்டார்களா? வோல்டேஜ் குறைந்தால் போதுமா? கரண்ட் போனால் எங்கே நிற்கும்? கடைசியாக எப்போது முழுதாக மூடிப் பார்த்தார்கள்? பதில் இல்லாத இடத்தில் கையெழுத்து வேண்டாம். "சின்னப் பொண்ணு, சின்னப் பையன், உனக்கு என்ன தெரியும்" என்று கேட்டால், 66-ஐ 0.64-ஆல் வகுத்துக் காட்டுவோம். எண்ணுக்கு வயது கிடையாது.

கற்போம், கணக்கிடுவோம், சோதிப்போம்!

— இறுதியாண்டு மாணவி,
கருவியியல் மற்றும் கட்டுப்பாட்டுப் பொறியியல் பிரிவு